நாலு கம்பியும் நாலில் ஒரு பங்கும்

காமர்ஸ் படித்த எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவான். கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை, லாபத்தை எப்படிப் பிரிப்பது? சமமாக. ஒருத்தன் ஒரு லட்சம் போட்டிருக்கலாம், இன்னொருத்தன் பத்தாயிரம் போட்டிருக்கலாம், ஆனாலும் சமமாகத்தான். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 13(பி). பரீட்சையில் ஒரு மார்க்.

இதே ஒரு மார்க் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு ராக் குழுவின் பாடகரும் கிட்டார்காரரும் சுமார் பத்து லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டி வந்தது. அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரருக்கும் அதே பதில் கிடைத்திருக்க வேண்டியது. ஆனால் அவர் கேள்வி வருவதற்கு முன்பே பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கதைக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் இந்த பேஸ் கிட்டார் எங்கிருந்து வந்தது, ஏன் அதை வாசிப்பவருக்கு மட்டும் எப்போதும் பணக்கணக்கில் இடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் பேஸ் கிட்டார் தெரியாதவர்களுக்கு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு எண்பதுகளின் இளையராஜா பாட்டு எதையாவது கேளுங்கள். பாடகர், வயலின், தபேலா எல்லாவற்றையும் மனசுக்குள் ஒதுக்கிவிட்டுக் கீழே கேளுங்கள். தும் தும் என்று ஒன்று தனியாக நடந்துகொண்டிருக்கும், பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மாதிரி. அதுதான். பெரும்பாலும் நாலு கம்பி. அதில் தடித்த கம்பியை மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வு, சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு 82. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்திவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

இந்த வாத்தியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் இசைக்காரர் அல்ல. நம்ம ஆள். ஆமாம், கணக்கர்! லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் ஊர்க்காரர். கல்லூரியில் கணக்கியல் படித்தார், கணக்குப்பிள்ளை வேலை பார்த்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட்டது. 600 டாலர் கடன் வாங்கி 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அந்தக் கடைக்கு ஆம்ப்ளிஃபையர் ரிப்பேருக்கு வந்த வாத்தியக்காரர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டுத்தான் மனுஷன் கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. (காமர்ஸ் படித்து என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்கும் உறவினர்களுக்கு இந்தப் பத்தியை பிரிண்ட் எடுத்துக் கொடுக்க உத்தேசம்.)

அவருக்கு முன்னால் யாரும் இதை யோசிக்கவில்லையா என்றால், யோசித்தார்கள். சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930-களின் நடுவிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில், ஃப்ரெட் வைத்து, குறுக்கே பிடித்து வாசிக்கிற மின்சார பேஸ் ஒன்று செய்து விற்றுப் பார்த்தார். எடுபடவில்லை. சரக்கு அதேதான், நேரம் வரவில்லை. 1951-ல் லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ் கொண்டுவந்தபோது அந்த நேரம் வந்திருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் மாறியதில் இசை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் செலவுக் கணக்கு.

இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் அமெரிக்காவில் நடனக் குழு என்றால் பதினைந்து, இருபது பேர். போருக்குப் பின் அந்தக் கூலியைக் கொடுக்க ஆளில்லை. போதாக்குறைக்கு அரசாங்கம் 1944-ல் காபரே வரி என்று ஒன்றை ஏற்றியது. ஹோட்டலில் பாட்டோ ஆட்டமோ இருந்தால் பில்லில் முதலில் 30 சதவீதம், அதே வருடமே 20 ஆகக் குறைத்தார்கள். வெறும் வாத்தியம் மட்டும் வாசித்தால் வரி கிடையாது. நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கிற சின்னக் குழுக்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஒரு வரி விகிதம் ஒரு நாட்டின் இசையை மாற்றும் என்று நம் வரிச்சட்டப் புத்தகத்தில் யாரும் போடுவதில்லை.

சின்னக் குழுவுக்கு இரண்டு தலைவலி. ஒன்று, பழைய நின்று வாசிக்கிற டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், காரின் கூரையில் கட்டித்தான் எடுத்துப்போக வேண்டும், மழை வந்தால் தொலைந்தது. அப்படித் தூக்கிப்போய் வாசித்தாலும், பக்கத்தில் டிரம்ஸும் மின்சார கிட்டாரும் இருந்தால் அதன் சத்தம் கேட்காது. இரண்டாவது தலைவலி, அதை வாசிக்கத் தெரிந்த ஆள். டபுள் பேஸில் ஃப்ரெட் இல்லை, விரல் ஒரு நூல் தள்ளிப்போனால் சுருதி போய்விடும். பல வருடப் பயிற்சி வேண்டும். ஃபெண்டர் தன் வாத்தியத்துக்கு ஃப்ரெட் வைத்தார். விரலை எங்கே வைத்தாலும் ஸ்வரம் துல்லியமாக விழும், அதனால்தான் ப்ரிசிஷன் என்று பெயர். கிட்டார் தெரிந்தவன் எவனும் சில வாரங்களில் பேஸ் வாசித்துவிடலாம். குழுத்தலைவருக்கு இது எவ்வளவு நல்ல செய்தியோ, டபுள் பேஸ் வித்வான்களுக்கு அவ்வளவு கெட்ட செய்தி. சுலபமாக வேறு ஆள் கிடைப்பான் என்றால் கூலி என்ன ஆகும் என்று முதல் வருட எகனாமிக்ஸிலேயே படித்தோம் இல்லையா?

ஆனால் ஒரு செலவு போய் இன்னொரு செலவு வந்தது. வாத்தியம் சின்னதாகிவிட்டது, ஆம்ப் பெரிதாகிவிட்டது. தாழ்ந்த ஸ்வரங்கள் நம் காதுக்கு எளிதில் கேட்பதில்லை. கிட்டார் அளவுக்கு உரக்கக் கேட்க வேண்டுமென்றால் பேஸுக்குப் பல மடங்கு சக்தி வேண்டும், அவ்வளவு காற்றைத் தள்ளப் பெரிய ஸ்பீக்கர்களும் வேண்டும். ஃபெண்டர் 1952-ல் பேஸ்மேன் என்ற ஆம்பைக் கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால் அது பேஸ்காரர்களைவிட கிட்டார்காரர்களுக்குத்தான் பிடித்துப்போனது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-ல் செய்த முதல் ஆம்பே அதைப் பார்த்துச் செய்ததுதான். 1969-ல் ஆம்பெக் எஸ்.வி.டி. வந்தது. 300 வாட், தலைப்பகுதி மட்டும் ஏறக்குறைய 40 கிலோ. எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி அதைவிடக் கனம். இதைத் தூக்க இரண்டு பேர், ஏற்ற ஒரு வேன். இன்றைக்கு அதே சத்தத்தைத் தரும் ஆம்ப் இரண்டு மூன்று கிலோவில் தோள்பையில் அடங்குகிறது என்பது வேறு விஷயம். அந்தக் காலத்தில் குழுவில் வேனுக்கு அதிகம் தேவைப்பட்ட ஆள் பேஸ்காரர்தான். பெட்ரோலைச் சமமாகப் பிரிக்கலாமா, இடத்தை அடைத்துக்கொள்கிறவன் அதிகம் கொடுக்க வேண்டுமா? உலகத்தில் எந்த ஊர் பேஸ்காரரிடம் கேட்டாலும் இந்தச் சண்டை ஒன்றைச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

கம்பியும் அப்படித்தான். பேஸ் கம்பி ஒரு செட், கிட்டார் கம்பியைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. பழசானால் சத்தம் மழுங்கும். அதனால் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, அழுக்கு போனதும் துடைத்து, மறுபடி மாட்டுவார்கள். கொஞ்ச நாளுக்குப் புதுசு மாதிரி கேட்கும். மாற்றவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த ஒரு மேதையும் உண்டு, அவரிடம் பிறகு வருகிறேன்.

இப்போது பங்குக் கணக்கு. 1954, மெம்ஃபிஸ். எல்விஸ் பிரஸ்லி, கிட்டாரில் ஸ்காட்டி மூர், டபுள் பேஸில் பில் பிளாக். மூன்று பேர், டிரம்ஸ் கூடக் கிடையாது. ஒப்பந்தம் சுத்தமாக இருந்தது: எல்விஸுக்கு 50 சதவீதம், மற்ற இருவருக்கும் ஆளுக்கு 25. பாடகர் பாதி, மீதியில் பாதி பாதி. நியாயமான கூட்டாண்மை. பிறகு எல்விஸ் உலகப் புகழ் பெறத் தொடங்கினார், கர்னல் பார்க்கர் மேனேஜராக வந்தார். சதவீதம் போய்ச் சம்பளம் வந்தது. சுற்றுப்பயணத்தில் இருந்தால் வாரம் 200 டாலர், வீட்டில் இருந்தால் 100. செலவை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்விஸ் லட்சங்களைக் கடந்து போனபோதும் அந்த 200 அப்படியே நின்றது. 1957 செப்டம்பரில் ஸ்காட்டியும் பில்லும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள்.

அதே 1957-ல் நடந்த இன்னொன்று. 'ஜெயில்ஹவுஸ் ராக்' படப் பாடல் பதிவு. பில் பிளாக் புதிதாக வாங்கிய ஃபெண்டர் பேஸில் ஒரு துண்டு சரியாக வரவில்லை. வாழ்நாள் முழுக்க டபுள் பேஸைத் தட்டித் தட்டி வாசித்த கை. எரிச்சலில் வாத்தியத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். எல்விஸே அதை எடுத்து வாசித்துப் பதிவை முடித்தார் என்பது அந்த வட்டாரத்தில் பிரசித்தமான கதை. கூட்டாளி கூலியாகிறார், அவர் வாத்தியமும் மாறுகிறது, புதிய வாத்தியத்தை முதலாளியே வாசித்துக்கொள்ள முடிகிறது. எல்லாம் சில வருடங்களுக்குள். பில் பிளாக் தனிக்குழு தொடங்கி நன்றாகவே ஓட்டினார். 1965-ல் மூளைக்கட்டியால் இறந்தபோது வயது 39. அந்த டபுள் பேஸ் பிற்பாடு பால் மெக்கார்ட்னியிடம் போய்ச் சேர்ந்தது.

மெக்கார்ட்னி என்றதும் பீட்டில்ஸ். அவர்களில் யாருக்கும் பேஸ் வாசிக்க ஆசையில்லை. ஜான் லெனனின் ஓவிய நண்பர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஒரு கண்காட்சியில் தன் ஓவியத்தை 65 பவுண்டுக்கு விற்றிருந்தார். கையில் காசு இருக்கிறது, பேஸ் வாங்கு என்று நண்பர்கள் அவரை இழுத்துவிட்டார்கள். வாசிப்பு சுமார்தான். முதல் போட்டவன் கூட்டாளி, அவ்வளவுதான் தகுதி! 1961-ல் அவர் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட, பேஸ் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. ஃபெண்டர் ஏறக்குறைய 100 பவுண்டு, கட்டுப்படியாகவில்லை. வயலின் வடிவத்தில் ஒரு ஹாஃப்னர் பேஸ் சுமார் 30 பவுண்டுக்குக் கிடைத்தது. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. இதைவிடச் சிக்கனமான முதலீட்டை வரலாற்றில் தேட வேண்டும். அந்த பேஸ் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய், அவரிடம் திரும்பி வந்ததாக 2024-ல் செய்தி வந்தது தனிக்கதை.

வாசிப்பு முறைகளிலும் சிக்கனம் புகுந்து விளையாடியிருக்கிறது. கட்டைவிரலால் கம்பியை அடித்து, ஆள்காட்டி விரலால் சுண்டி இழுக்கிற ஸ்லாப் முறை தெரியுமா? லாரி கிரஹாம் கண்டுபிடித்தது. இளைஞராக இருந்தபோது அவர் தன் அம்மாவோடு ஒரு சின்னக் குழுவில் வாசித்துவந்தார். அவர் வாசிப்பது கிட்டார், காலால் ஆர்கனின் பேஸ் மிதிகளையும் மிதிப்பார். ஆர்கன் பழுதாகிவிட்டது. சரியாகிற வரைக்கும் சமாளிக்கக் கடையில் ஒரு பேஸை வாடகைக்கு எடுத்தார். ஆர்கனைச் சரிசெய்ய முடியவில்லை, பேஸ் நிலைத்துவிட்டது. பிறகு குழுவில் டிரம்ஸ்காரரும் இல்லாமல் போனார். பெரிய டிரம்முக்குப் பதில் கட்டைவிரல் அடி, ஸ்நேருக்குப் பதில் சுண்டல். (சாப்பிடுகிற சுண்டல் இல்லை.) ஒரு ஆள் கூலியில் இரண்டு ஆள் வேலை. பிற்பாடு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் இதை வாசித்தபோது உலகமே அதை ஒரு புது பாணி என்று கொண்டாடியது.

கம்பி மாற்றாத மேதை என்று சொன்னேனே, அவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் ஸ்டூடியோ வாத்தியக்காரர். 1960-களில் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஹிட் பாடல்களில் பெரும்பாலானவற்றில் கேட்பது இவர் பேஸ்தான். 1962 மாடல் ப்ரிசிஷன் ஒன்று, தடித்த சமதளக் கம்பிகள், அறுந்தால் ஒழிய மாற்றுவதில்லை. அழுக்கில்தான் சத்தம் இருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் இருக்கும், மற்றவர்கள் அழுத்தவே திணறுவார்கள். வலக்கையில் ஒரே ஒரு விரல், ஆள்காட்டி விரல் மட்டும். டபுள் பேஸில் பழகிய பழக்கம். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பெயர். அதற்கு முன் பேஸ் என்பது ஒன்று, ஐந்து, ஒன்று, ஐந்து என்று காவல்காரர் தடியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. இவர் அதைப் பேசவைத்தார்.

பணம்? ஆரம்பத்தில் பாட்டுக்கு 10 டாலர் என்று கணக்கு. அதனால் இரவில் திருட்டுத்தனமாக வேறு கம்பெனிகளுக்கும் வாசித்தார்கள். 1967-ல் சிக்காகோவில் ஜாக்கி வில்சனுக்கு வாசித்தது அப்படித்தான். ஆனால் இங்கே நாம் நியாயமாகவும் இருக்க வேண்டும். 1960-களின் கடைசியில் ஜேமர்சனுக்கு வாரம் 1,000 டாலர் வந்தது. அன்றைக்கு அது பெரிய சம்பளம், வறுமை என்று சொல்ல முடியாது. சம்பளம் என்றால் நிச்சயம், பாட்டு ஓடாவிட்டாலும் வரும். பங்கு என்றால் ரிஸ்க். அவர் நிச்சயத்தை வாங்கிக்கொண்டார் என்று நம் கணக்கு வாத்தியார்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வாதம் பாதிதான் சம்மதம். பங்கு வேண்டுமா சம்பளம் வேண்டுமா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை, பிறகு எங்கிருந்து தேர்வு? அதோடு பெயர். இசைத்தட்டு அட்டையில் வாத்தியக்காரர்கள் பெயர் வராது. 1971-ல் மார்வின் கேயின் ஒரு ஆல்பத்தில்தான் முதன்முறையாக மோட்டவுன் அட்டையில் அவர் பெயர் வந்தது. (நம் ஊரிலும் இது நடந்தது. பேஸ் வாசிக்கும் கீத் பீட்டர்ஸ் என்ற பெயர் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியக் காரணம், ரஹ்மான் தன் கேசட் அட்டையில் வாத்தியக்காரர் பெயர்களைப் போட்டதுதான்.) அடுத்த வருடம், 1972-ல், கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். அங்கே புதிய பாணி, புதிய கம்பிச் சத்தம் கேட்டார்கள், அவர் மாற மறுத்தார். குடியும் கூட இருந்தது. 1983-ல் மோட்டவுனின் 25 வருடக் கொண்டாட்டம் நடந்தபோது டிக்கெட் வாங்கி பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அதே வருடம் ஆகஸ்டில் இறந்தார், வயது 47. அந்த 1962 பேஸ் அதற்குச் சில நாள் முன்புதான் திருடு போயிருந்தது.

பங்கே வேண்டாம், கூலியைச் சரியாகக் கொடு என்று கணக்குப் பார்த்து ஜெயித்தவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் கேரல் கே. கிட்டார் வாசிப்பவராக இருந்தவர், 1960-களின் முற்பகுதியில் ஒருநாள் பேஸ்காரர் வராததால் அதை எடுத்தார். பிறகு விடவில்லை. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: கிட்டார் வாசிக்கப் போனால் பதிவுக்கு மூன்று நாலு கிட்டார் சுமக்க வேண்டும், பேஸ் என்றால் ஒன்று போதும். பிள்ளைகளை வளர்க்க வேண்டிய அம்மா, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பதிவு, யூனியன் நிர்ணயித்த கூலி. கம்பிகளின் மேல் கொஞ்சம் கம்பளித் துணி, கையில் பிக். மொத்தம் பத்தாயிரம் பதிவு என்று மதிப்பிடுகிறார்கள். 2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்ப்பதாக அறிவித்தது. தொண்ணூறு வயதில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

லண்டனில் ஹெர்பி ஃபிளவர்ஸ். 1972-ல் லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைட்' பதிவில் டபுள் பேஸ் வாசித்தவர், அதன் மேலேயே மின்சார பேஸையும் வாசிக்கட்டுமா என்று கேட்டார். அழகாக இருக்கும் என்பது ஒரு காரணம். இரண்டாவது வாத்தியம் வாசித்தால் கூலி கூடும் என்ற விதி இன்னொரு காரணம், அதை அவரே பல முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். மொத்த வரும்படி சில பத்துப் பவுண்டுகளைத் தாண்டவில்லை. அந்தப் பாட்டென்றாலே அந்த பேஸ்தான். 1990-ல் ஒரு ராப் குழு அந்தத் துண்டை எடுத்துப் பயன்படுத்தியபோது பணம் முழுக்க லூ ரீடுக்குப் போனது. சட்டப்படி பாட்டு என்றால் மெட்டும் வரிகளும். பேஸ் வாசிப்பு, எவ்வளவு பிரபலமானாலும், பெரும்பாலும் 'வாசிப்பு'தான்.

சரி, அந்த ஒரு மார்க் கேள்வி. த ஸ்மித்ஸ், மான்செஸ்டர், 1982. பாடகர் மாரிஸி, கிட்டார் ஜானி மார், பேஸ் ஆண்டி ரூர்க், டிரம்ஸ் மைக் ஜாய்ஸ். பாட்டு எழுதுவது முதல் இருவர். அதற்கான ராயல்டி அவர்களுக்கே, இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு, பதிவிலும் கச்சேரியிலும் வந்த வருமானத்தில். மாரிஸிக்கும் மாருக்கும் தலா 40 சதவீதம், ரூர்க்குக்கும் ஜாய்ஸுக்கும் தலா 10 என்று பிரித்தார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ரெக்கார்டு கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்திலும் கையெழுத்து முதல் இருவருடையது மட்டும். 1987-ல் குழு உடைந்தது. மற்ற இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள்: நாங்கள் கூலி அல்ல, கூட்டாளிகள், எங்கள் பங்கு நாலில் ஒன்று.

ஆண்டி ரூர்க் அப்போது கடனில் இருந்தார். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. 1989-ல் 83,000 பவுண்டை வாங்கிக்கொண்டு, இனி 10 சதவீதமே போதும், வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மைக் ஜாய்ஸ் மட்டும் காத்திருந்தார். 1996 டிசம்பரில் தீர்ப்பு. ஆங்கிலேயரின் கூட்டாண்மைச் சட்டம் 1890, பிரிவு 24: மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமம். 10 சதவீதத்துக்கு ஜாய்ஸ் தெரிந்து சம்மதித்தார் என்று நிரூபிக்க மற்றவர்களால் முடியவில்லை. அவருக்கு 25 சதவீதம், பழைய பாக்கி சுமார் பத்து லட்சம் பவுண்டு. மாரிஸி அப்பீல் போனார், 1998-ல் அதுவும் தள்ளுபடி.

நம் 1932 சட்டம் அந்த 1890 சட்டத்தின் பிள்ளை. பிரிவு 13 கிட்டத்தட்ட அதே வாசகம்தான். அதனால் இதை வெள்ளைக்காரன் ஊர்க்கதை என்று ஒதுக்க முடியாது. ஆண்டி ரூர்க்கும் மைக் ஜாய்ஸும் ஒரே குழு, ஒரே 10 சதவீதம், ஒரே சட்டம், ஒரே உரிமை. ஒருவருக்கு 83 ஆயிரம், இன்னொருவருக்குப் பத்து லட்சமும் அதற்கு மேல் வருடாவருடம் நாலில் ஒரு பங்கும். வித்தியாசம் அவர்கள் வாசிப்பில் இல்லை. ஏழு வருடம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதில் இருந்தது. ரூர்க் 1999-ல் திவாலானார். 2023 மே மாதம் புற்றுநோயில் இறந்தார், வயது 59. ஸ்மித்ஸ் பாட்டுகளில் அவர் பேஸைக் கேட்டுப் பாருங்கள், பாட்டுக்குள் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டே போகும்.

கோர்ட்டுக்குப் போனால் ஜெயம்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட், ரெக்கே இசையின் முதுகெலும்பு என்றால் மிகையில்லை. அவர் தனக்கும் கொல்லப்பட்ட தன் அண்ணன் தம்பி உறவில் டிரம்ஸ் வாசித்த கார்ல்டனுக்கும் சேர வேண்டிய ராயல்டி என்று சுமார் 60 மில்லியன் பவுண்டு கேட்டு லண்டனில் வழக்குப் போட்டார். 2006-ல் தோற்றார். 1994-லேயே ஒரு சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்றது கோர்ட். பாருங்கள், இரண்டு பேஸ்காரர்கள், இரண்டு பேரையும் கவிழ்த்தது அவசரத்தில் போட்ட ஒரு கையெழுத்து.

எழுத்தில் வைத்துக்கொண்ட குழுக்களும் உண்டு. அமெரிக்காவின் ஆர்.இ.எம்., நாலு பேர். யார் எந்தப் பாட்டை எழுதினாலும் கீழே நாலு பெயரும் வரும், பணம் நாலாகப் பிரியும். டிரம்ஸ்காரர் 1997-ல் விலகினார், குழு 2011-ல் கலைந்தது, காசுக்காகக் கோர்ட் வாசல் மிதித்ததாகக் கேள்விப்படவில்லை. முப்பது வருடம்! மெட்டு போடுகிறவனுக்கு இது நியாயமா என்று கேட்கலாம். எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் என் பாட்டுதான் ஆல்பத்தில் வர வேண்டும் என்ற சண்டைக்கு அங்கே காரணமே இருந்திருக்காது, அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு.

நம் மெல்லிசைக் குழுக்களில் இந்தப் பிரச்சினை வருவதில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் கூட்டாண்மையே இல்லை. நடத்துபவர் கச்சேரி பிடிப்பார், வாசிப்பவருக்கு அன்றைய பேட்டா. 1957-ன் பில் பிளாக் கணக்கு. ஆனால் இப்போது கல்லூரிகளில் நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பிக்கிறார்களே, எங்கள் டிபார்ட்மெண்டிலேயே ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது, அவர்கள் லாபம் பார்க்கிற எண்ணத்தில் சேர்ந்து இறங்கினால், தெரிந்தோ தெரியாமலோ கூட்டாளிகள்தான். அவர்களுக்காகப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பேச்சு எதுவும் இல்லாவிட்டால்: வாசித்ததற்குத் தனியாகச் சம்பளம் கேட்க முடியாது, பிரிவு 13(ஏ). லாபம் போலவே நஷ்டமும் சமம், 13(பி). ஒத்துக்கொண்ட முதலுக்கு மேல் ஒருவர் வேன் வாடகைக்குக் கைக்காசு போட்டால் வருடத்துக்கு 6 சதவீத வட்டி, 13(டி). கச்சேரிப் பணத்தில் வாங்கிய ஆம்ப், பேஸ்காரர் வீட்டில் கிடந்தாலும் பொதுச்சொத்து, பிரிவு 14. அவர் தன் காசில் வாங்கியது அவருடையது, ஆனால் பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த நாலையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பாடகர் சிரித்தார். டிரம்ஸ்காரர் யோசித்தார். பேஸ் வாசிக்கிற பையன், ஆம்ப் இன்னும் வாங்கவில்லை, ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.